வாசகர் கேள்வி பதில்: இரண்டாவது பட்டமாக நர்சிங்

கேள்வி: தமிழ்நாட்டில் பி.காம். முடித்தேன். திருமணத்துக்குப் பின் டெக்சாஸில் எச்-4 விசாவில் (எச்-1பி பணி விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரப்படுவது) வசிக்கிறேன். வேறொரு பட்டம் பெற்றவர்கள் அமெரிக்காவில் ஒரே ஆண்டில் பி.எஸ்.என். (நர்சிங் இளநிலைப் பட்டம்) முடித்துச் செவிலியராகலாம் என்று தோழி கூறுகிறார். என் பட்டம் செல்லுமா? உண்மையிலேயே ஓராண்டு போதுமா?
– ஒரு வாசகி, டெக்சாஸ்

பதில்: தோழி சொன்னது பாதி சரி, சகோதரி. செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971-ல் தொடங்கிய இவ்வகைப் படிப்பு இன்று அமெரிக்கா முழுவதும் பரவியிருக்கிறது. பெரும்பாலான இடங்களில் 11 முதல் 18 மாதங்களில் முடிந்துவிடுகிறது. முதல் பட்டத்தில் படித்த மொழி, வரலாறு, சமூகவியல் போன்ற பொதுப்பாடங்களை மீண்டும் படிக்க வேண்டாம் என்பதால்தான் இந்தக் குறுகிய காலம் சாத்தியமாகிறது. நர்சிங் பாடங்களிலோ மருத்துவமனைப் பயிற்சியிலோ எந்தச் சலுகையும் இல்லை. விடுமுறைகளைச் சுருக்கி, கோடைக்காலத்தையும் வகுப்புகளால் நிரப்பிவிடுகிறார்கள்.

ஆனால் அந்த 12 மாதக் கணக்கு சேர்க்கை கிடைத்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன்பே உடற்கூறியல் மற்றும் உடலியங்கியல் இரண்டு பருவங்கள், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல், மனித வளர்ச்சி உளவியல், பல இடங்களில் ஊட்டச்சத்தியல் ஆகியவற்றை, அறிவியல் பாடங்களை ஆய்வகத்தோடு சேர்த்து, முடித்திருக்க வேண்டும். வணிகவியல் படித்த உங்களிடம் இவற்றில் புள்ளியியல் மட்டுமே இருக்கக்கூடும். உடலியங்கியலின் இரண்டாம் பகுதியை முதல் பகுதி முடிந்த பிறகுதான் எடுக்க முடியும் என்பதால், எவ்வளவு விரைந்தாலும் இரண்டு பருவங்களாவது ஆகும். வீட்டுப் பொறுப்புகளோடு படிப்பவருக்கு ஒன்றரை ஆண்டு என்று வைத்துக்கொள்வதே நியாயம். கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுப் படிப்புகள் நடத்தும் உள்ளூர் அரசுக் கல்லூரி) இவற்றைக் குறைந்த செலவில் படிக்கலாம். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் எடுத்து 'சி' வாங்குவதைவிட, இரண்டிரண்டாக எடுத்து 'ஏ' வாங்குவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. மதிப்பெண் சராசரி 4-க்கு 3.0 இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று பல கல்லூரிகள் அறிவித்தாலும், இடங்கள் குறைவாக இருப்பதால் அதைவிட அதிகம் பெற்றவர்களோடுதான் நீங்கள் போட்டியிடுவீர்கள். ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய அறிவியல் பாடங்களை ஏற்காத கல்லூரிகளும் உண்டு. ஆகவே விண்ணப்பிக்கப்போகும் ஆண்டை முதலில் தீர்மானித்து, அதிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்.

அடுத்து, உங்கள் பட்டம். டபிள்யூ.ஈ.எஸ். போன்ற மதிப்பீட்டு நிறுவனத்திடம் பாடவாரியான மதிப்பீட்டு அறிக்கை பெற வேண்டும். மூன்றாண்டு இந்தியப் பட்டத்தை நான்காண்டு அமெரிக்கப் பட்டத்துக்கு நிகராக எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை. முன்தகுதிப் பாடங்களுக்குக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே இந்த அறிக்கையைப் பெற்று, நீங்கள் விரும்பும் கல்லூரிகளின் சேர்க்கை அலுவலகங்களுக்கு அனுப்பி, அவர்கள் பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். முதுகலைப் பட்டமும் இருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

விசாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எச்-4 விசாவில் படிக்கத் தடையில்லை. வேலை செய்வதற்குத்தான் அனுமதி வேண்டும். கணவரின் ஐ-140 (அவரது நிறுவனம் அவருக்காகத் தரும் கிரீன் கார்டு மனு) ஏற்கப்பட்டிருந்தால், 2015 முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி நீங்கள் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அது இல்லாத நிலையில், பட்டமும் உரிமமும் கையில் இருந்தும் பணியில் சேர முடியாமல் போகலாம். சாதாரண ஆர்.என். (பதிவுபெற்ற செவிலியர்) பணிக்கு இளநிலைப் பட்டம் கட்டாயமில்லை என்பதால் எச்-1பி கிடைப்பது அரிது. செவிலியர்களுக்கான கிரீன் கார்டு விண்ணப்பத்தில் உள்நாட்டில் தகுந்த ஆள் கிடைக்கவில்லை என்று காட்டும் தொழிலாளர் சான்றிதழ் கட்டத்துக்கு விலக்கு உண்டு என்றாலும், இந்தியாவில் பிறந்தவர்களுக்கான காத்திருப்பு மிக நீண்டது. கல்லூரிக் கட்டணம் கட்டுவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரோடு ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள்.

கேள்வி: கிரீன் கார்டு பெற்று நியூ ஜெர்சியில் இருக்கிறேன். பொறியியல் பட்டதாரி, வயது 41. ஐ.டி. வேலை போய்விட்டது. நர்சிங் படிக்க அரசு உதவி கிடைக்குமா? எந்தக் கல்லூரியை நம்புவது?
– ஒரு வாசகர்

பதில்: இந்த வயதில் தொடங்குகிறவர்கள் ஏராளம், அது தடையே இல்லை. பணத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இளநிலைப் பட்டம் பெற்றவருக்கு, அது வெளிநாட்டுப் பட்டமாக இருந்தாலும், திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத கூட்டாட்சி அரசின் பெல் உதவித்தொகை கிடையாது. கூட்டாட்சி அரசின் மாணவர் கடன் உண்டு. ஆனால் இளநிலைப் படிப்பின் பிற்பகுதியில் இருப்பவருக்கு அது ஒரு கல்வியாண்டுக்கு 12,500 டாலர்தான். தனியார் பல்கலைக்கழகக் கட்டணம் 60,000 டாலரைத் தாண்டுவது சகஜம் என்பதால், மிச்சத்துக்குத் தனியார் கடனை நாட வேண்டிவரும். அத்துடன் அந்தக் காலம் முழுவதும் உங்களுக்கு வருமானம் இருக்காது. வீட்டு வாடகையையும் மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்துத்தான் படிப்புச் செலவைக் கணக்கிட வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர் நர்ஸ் கோர் என்ற கூட்டாட்சி அரசுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்: செவிலியர் பற்றாக்குறை உள்ள இடத்தில் இரண்டாண்டு பணியாற்றினால், தகுதியான நர்சிங் கல்விக் கடனில் 60 சதவீதத்தை அடைக்கிறார்கள். போட்டி கடுமை, அதையே நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

கையிருப்பு குறைவு என்றால் கம்யூனிட்டி காலேஜின் இரண்டாண்டு நர்சிங் படிப்பைத் தயங்காமல் பரிசீலியுங்கள். அதை முடித்தவரும் பி.எஸ்.என். முடித்தவரும் எழுதுவது செவிலியர் உரிமத்துக்கான ஒரே என்சிலெக்ஸ் தேர்வுதான். பெறுவதும் ஒரே ஆர்.என். உரிமம்தான். பெரிய மருத்துவமனைகள் பி.எஸ்.என். கேட்கின்றன என்பது உண்மை; அதைப் பணியில் இருந்துகொண்டே ஆன்லைனில் முடித்துவிடலாம். பட்டதாரி ஒருவர் இந்த வழியை கௌரவக் குறைவாகக் கருதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது மாநில நர்சிங் வாரியத்தின் அனுமதியும், நர்சிங் படிப்புகளை மதிப்பிடும் அமைப்புகளான சி.சி.என்.ஈ. அல்லது ஏ.சி.ஈ.என். தரும் அங்கீகாரமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். என்சிலெக்ஸ் முதல்முறைத் தேர்ச்சி விகிதத்தை மாநில வாரியங்கள் கல்லூரிவாரியாக வெளியிடுகின்றன. அந்த எண்ணோடு நின்றுவிடாதீர்கள். நடுவில் விலகியவர்கள் அந்தத் தேர்வை எழுதுவதே இல்லை. எனவே, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள் என்று கேளுங்கள். இதற்கு நேரடியாகப் பதில் சொல்லத் தயங்கும் கல்லூரியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: வேலையை விடாமல், ஆன்லைனிலேயே இந்தப் பட்டத்தைப் படிக்க முடியுமா?
– மற்றொரு வாசகர், ஒஹாயோ

பதில்: பாடங்களை ஆன்லைனில் நடத்தும் கல்லூரிகள் உள்ளன; ஆய்வகப் பயிற்சிக்கும் மருத்துவமனைப் பயிற்சிக்கும் நேரில்தான் செல்ல வேண்டும். பயிற்சி நாள் என்பது பெரும்பாலும் காலை ஏழு மணிக்கு முன்பே தொடங்கி 12 மணி நேரம் நீள்வது. இரவுப் பணியிலிருந்த செவிலியர் ஒப்படைக்கும் விவரங்களைக் குறித்துக்கொண்டு, நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டு, கைப்பட்டையோடு ஒப்பிட்டு, மாத்திரை உறையை ஸ்கேன் செய்து, பக்கத்தில் நிற்கும் பயிற்றுநரிடம் அந்த மருந்து எதற்கு, எப்போது கொடுக்கக் கூடாது என்று சொன்ன பிறகே கொடுக்க முடியும். இதய மருந்தான டிஜாக்சின் 0.25 மில்லிகிராம் தரச் சொல்லி, கையில் இருப்பது 0.125 மில்லிகிராம் மாத்திரை என்றால் இரண்டு தர வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒரு முழு நிமிடம் இதயத்துடிப்பை எண்ண வேண்டும், பெரியவர்களுக்கு அது 60-க்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மருந்தளவுக் கணக்குத் தேர்வில் 90 சதவீதமோ அதற்கு மேலோ எடுக்காதவரை மருந்தைத் தொட விடாத கல்லூரிகள் பல. இத்தகைய நாட்களுக்கு நடுவே வாராந்தரத் தேர்வுகளும் வரும் என்பதால், முழுநேர வேலையோடு இதைச் சமாளிக்க முடியாது என்றே சொல்வேன். முன்தகுதிப் பாடங்களை மாலை வகுப்புகளில் முடியுங்கள். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த பிறகே ராஜினாமாவைக் கொடுங்கள்.