டெக்ஸாஸ் கல்லூரிக் கால்பந்து 2025: இரண்டு மேட்சுக்குத்தான் பட்ஜெட் என்றால் எவை?

கேள்வி: டல்லாஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் குடியிருக்கிறோம். மகன் இந்த ஆகஸ்டில் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேர்ந்திருக்கிறான். சேர்ந்த நாளிலிருந்து அமெரிக்கன் ஃபுட்பால் பேச்சுதான். எங்களுக்கு கிரிக்கெட்டைத் தாண்டி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவனுக்காக, பத்தாவது படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு இந்த சீசனில் மேட்ச் பார்க்க ஆசை. டிக்கெட் விலையைப் பார்த்தால் இரண்டு மேட்சுக்கு மேல் தாங்காது. டெக்ஸாஸ் அணிகள் ஆடுவதில் எவற்றை நேரில் பார்க்கலாம், எவற்றை டிவியில் பார்த்தால் போதும்?

பதில்: முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் 20, சனிக்கிழமை, ஃபோர்ட் வொர்த்தில் டிசியு (டெக்ஸாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) – எஸ்எம்யு (சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்). அக்டோபர் 11, சனிக்கிழமை, மகன் படிக்கும் ஊரான காலேஜ் ஸ்டேஷனில் ஏ அண்ட் எம் – ஃபுளோரிடா. இந்த இரண்டுக்கும் டிக்கெட் வாங்குங்கள், மற்றதெல்லாம் வீட்டு சோஃபாவில் பார்த்துக்கொள்ளலாம். இந்த சீசனின் மிகப் பெரிய மேட்சுகள் இவை அல்ல என்பது தெரிந்துதான் சொல்கிறேன். பெரிய மேட்சும் நேரில் போய்ப் பார்க்க ஏற்ற மேட்சும் வேறு வேறு.

ஊரே பேசும் மேட்ச் ஆகஸ்ட் 30-ஆம் தேதி வருகிறது. ஆஸ்டினில் இருக்கும் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் லாங்ஹார்ன்ஸ் அணி கொலம்பஸ் நகருக்குப் போய் நடப்புச் சாம்பியன் ஒஹாயோ ஸ்டேட்டுடன் மோதுகிறது. போன ஜனவரியில் ஆர்லிங்டனில் நடந்த அரையிறுதியில் டெக்ஸாஸ் 14–28 என்று தோற்றது. கடைசி நிமிடங்களில் டெக்ஸாஸ் கோல் கோட்டை நெருங்கிவிட்டது. அந்த நேரத்தில் ஜாக் சாயர் பந்தைத் தட்டிப் பறித்து 83 கெஜம் ஓடி முடித்த காட்சியை ஆஸ்டின்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. ஏபி செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் சீசனுக்கு முன்பே டெக்ஸாஸுக்கு முதலிடம் கிடைத்திருக்கிறது. அந்தப் பட்டியலின் வரலாற்றில் அவர்களுக்கு இது முதல் முறை. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் ஆர்ச் மேனிங், முன்னாள் நட்சத்திரங்கள் பெய்ட்டன், ஈலை இருவரின் அண்ணன் மகன். எல்லாம் சரி, மேட்ச் நடப்பது ஒஹாயோவில். டெக்ஸாஸ் நேரப்படி காலை 11 மணிக்கு ஃபாக்ஸ் சேனலில் வருகிறது. காலை டிபனை முடித்துவிட்டு உட்கார்ந்தால் போதும்.

இதில் தோற்றால் சீசனே போய்விடுமோ என்று மகன் பதறினால் அவனிடம் ஒன்று சொல்லுங்கள். போன ஆண்டிலிருந்து, சாம்பியனை முடிவு செய்யும் பிளேஆஃப் சுற்றில் 12 அணிகள். ஆகஸ்டில் ஒரு பெரிய அணியிடம் தோற்றாலும் டிசம்பரில் இடம் கிடைக்கும். முன்பு நான்கே அணிகள் என்று இருந்தபோது ஒவ்வொரு தோல்வியும் உயிரை வாங்கும். இப்போது அந்தப் பயம் குறைந்ததால்தான் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு இப்படி வலுவான எதிரியுடன் சீசனைத் தொடங்கத் துணிவு வருகிறது.

லாங்ஹார்ன்ஸ் அட்டவணையில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. முதலிட அணிதான், ஆனால் அவர்களுடைய கடினமான மேட்சுகளில் பெரும்பாலானவை வெளியூரில். ஒஹாயோவுக்குப் பிறகு அக்டோபர் 4 ஃபுளோரிடா, நவம்பர் 15 ஜார்ஜியா, இரண்டுமே எதிரணியின் ஊரில். ஆஸ்டினில் செப்டம்பர் முழுக்க சான் ஹோசே ஸ்டேட், யுடெப், சாம் ஹியூஸ்டன் என்று சுலபமான எதிரிகள். செப்டம்பர் 20-க்குப் பிறகு சொந்த மைதானத்தில் அடுத்த மேட்ச் நவம்பர் 1-ஆம் தேதி வாண்டர்பில்ட்டுடன்தான். அதனால் அந்தப் பெரிய ஸ்டேடியத்தை ஒருமுறை பார்த்தால் போதும் என்பவர்களுக்கு செப்டம்பர் டிக்கெட் மலிவு. நல்ல மேட்ச் வேண்டும் என்பவர்களுக்கு நவம்பர்தான், அதுவும் கையைக் கடிக்கும் விலையில்.

சரி, உங்கள் வீட்டுப் பக்கமே நடக்கும் ரெட் ரிவர் மேட்ச்? டெக்ஸாஸ் – ஓக்லஹோமா, அக்டோபர் 11, டல்லாஸ் காட்டன் போல். ஸ்டேட் ஃபேர் பொருட்காட்சி நடக்கும் வளாகத்துக்குள்ளேயே மைதானம். 50 கெஜக் கோட்டில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி ஆரஞ்சு, மறு பாதி சிவப்பு என்று உட்காரும். அமெரிக்க விளையாட்டில் பார்க்கவேண்டிய காட்சிகளில் ஒன்று என்று யாரிடமும் வாதாடத் தயார். ஆனால் உங்கள் வீட்டில் ஒரு ஏஜி இருக்கிறான். ஏ அண்ட் எம் மாணவனை அழைத்துப்போய் பரம எதிரி லாங்ஹார்ன்ஸ் மேட்சுக்கு நாலு டிக்கெட் போடுவது வேண்டாம், அந்தக் காசை அவன் மைதானத்தில் செலவழியுங்கள். போன ஆண்டு டெக்ஸாஸ் 34–3 என்று ஒருபக்கமாக ஜெயித்துவிட்டது. அந்த விலை கொடுத்துவிட்டு அப்படி ஒரு மேட்ச் அமைந்தால் மனசு ஆறாது.

அதே அக்டோபர் 11-இல் காலேஜ் ஸ்டேஷனில் ஃபுளோரிடா வருகிறது. ஏன் இந்த மேட்ச்? ஏ அண்ட் எம்மின் மைதானமான கைல் ஃபீல்டுக்கு இந்த ஆண்டு யூடிஎஸ்ஏ, யூட்டா ஸ்டேட், ஆபர்ன், மிசிசிபி ஸ்டேட், ஃபுளோரிடா, சவுத் கரோலினா, சாம்ஃபர்ட் ஆகியவை வருகின்றன. ஆபர்ன், சவுத் கரோலினா இரண்டோடும் பழைய கணக்கு பாக்கி. போன நவம்பரில் சவுத் கரோலினாவிடம் 20–44, ஆபர்னிடம் நான்கு ஓவர்டைம் வரை இழுத்து 41–43 என்று தோற்றுத்தான் நன்றாகப் போய்க்கொண்டிருந்த சீசன் சரிந்தது. ஆனால் ஆபர்ன் மேட்ச் செப்டம்பர் 27. நவராத்திரி நடுவில் கொலுவை விட்டுவிட்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டவேண்டும், வெயிலும் தணிந்திருக்காது. சவுத் கரோலினா நவம்பர் 15, பருவநிலைக்கு அதுதான் உகந்தது. அக்டோபர் 11 உங்களுக்கு முடியாமல் போனால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபுளோரிடாவை முன்னால் வைப்பதற்குக் காரணம் அவர்களுடைய குவாட்டர்பேக் டிஜே லாக்வே. ஹியூஸ்டனுக்கு வடக்கே வில்லிஸில் பள்ளி படித்தவர், அதாவது காலேஜ் ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஊர்ப் பையன். டெக்ஸாஸ் அணிகளை விட்டுவிட்டு ஃபுளோரிடா போனவர் இப்போது எதிரியாக ஊருக்குத் திரும்புகிறார். போன ஆண்டு ஃபுளோரிடா அணியின் ஊரான கெய்ன்ஸ்வில்லில் ஏ அண்ட் எம் 33–20 என்று வென்றது. அன்று ஏ அண்ட் எம் பக்கம் ஆடியவர் மார்செல் ரீட், இந்த ஆண்டும் அவர்தான் குவாட்டர்பேக். ஆட்ட விதி தெரியாதவர்கள்கூட இந்த இரண்டு பேரை மட்டும் பார்த்துக்கொண்டே மேட்சைத் தொடரலாம். இரண்டு பேருமே பந்தை எறிவார்கள், வழி இல்லாவிட்டால் தாங்களே ஓடுவார்கள்.

விதியைப் பற்றிக் கவலை வேண்டாம். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேறினால் இன்னும் நான்கு முயற்சி. பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. இவ்வளவு தெரிந்தால் போதும், மிச்சத்தை மகன் சொல்வான். நான்கு கால்பகுதிகள், ஒவ்வொன்றும் 15 நிமிடம் என்று கடிகாரம் சொன்னாலும் மொத்தம் மூன்றரை மணி நேரம் ஆகிவிடும்.

கைல் ஃபீல்டில் மைதானத்தைவிட எதிர்ப் பக்கத்து மாணவர் பகுதியைப் பாருங்கள். ஒரு லட்சத்து இரண்டாயிரத்துக்கும் மேல் கொள்ளும் இடம் அது. மாணவர்கள் மேட்ச் முடியும்வரை உட்காரமாட்டார்கள். இதற்கு ஒரு டல்லாஸ் கதை இருக்கிறது. 1922 ஜனவரி 2 அன்று டல்லாஸில் சென்டர் கல்லூரியுடன் நடந்த மேட்சில் ஏ அண்ட் எம் வீரர்கள் வரிசையாகக் காயப்பட்டார்கள். பார்வையாளராக மேலே உட்கார்ந்திருந்த கிங் கில் என்ற மாணவர் கீழே இறங்கி, சீருடை மாட்டிக்கொண்டு, கடைசிவரை தயாராக நின்றார். களத்தில் இறங்க வேண்டிய தேவை வரவில்லை. ஆனால் அப்படி நிற்பதே வழக்கமாகிவிட்டது. மாணவர் கூட்டத்தையே ‘12-வது ஆள்’ என்கிறார்கள்.

அங்கே சியர்லீடர் கிடையாது. வெள்ளை உடையில் ஐந்து யெல் லீடர்கள் கையால் சைகை காட்டுவார்கள். அதைப் பார்க்கும் முதல் வரிசை அதே சைகையைப் பின்வரிசைக்குக் காட்ட, அது மேல்மாடிவரை கைமாறிக்கொண்டே போகும். பிறகு எல்லோரும் முழங்காலில் கையூன்றிக் குனிந்து ஒரே குரலில் கத்துவார்கள். போர்ப் பாட்டு வரும்போது பக்கத்தில் இருப்பவர் தோளில் கைபோட்டு வரிசைக்கு வரிசை எதிர்த்திசையில் ஆடுவார்கள். உங்கள் மகன் அந்தக் கூட்டத்தில் எங்கோ இருப்பான். முதலாண்டு மாணவர்கள் தங்கள் ஸ்போர்ட்ஸ் பாஸைக் காட்டி டிக்கெட் வாங்கும் நாள் மேட்ச் வாரத்தின் வியாழக்கிழமை. மேல் வகுப்பினர் திங்களிலிருந்து எடுத்துவிடுவதால் அவனுக்குப் பெரும்பாலும் மேலே உயரத்தில்தான் இடம் கிடைக்கும். அதனால் அவனுக்கும் சேர்த்து நான்கு டிக்கெட் வாங்காதீர்கள், மூன்று போதும். முதல் ஆண்டில் நண்பர்களோடு நிற்பதைத்தான் அவன் விரும்புவான்.

வெள்ளிக்கிழமையே கிளம்பிவிடுங்கள். சொந்த ஊர் மேட்சுக்கு முந்தைய நள்ளிரவில் கைல் ஃபீல்டில் ‘மிட்நைட் யெல்’ என்ற கோஷக் கூட்டம் நடக்கும். அனுமதி இலவசம், யார் வேண்டுமானாலும் போகலாம். மகளுக்கு மேட்சைவிட அதுவே பிடித்துப்போகலாம். ஓட்டலில் இரண்டு இரவுக்கு அறை போடுங்கள். மேட்ச் எத்தனை மணிக்கு என்பதை டிவி சேனல்கள்தான் முடிவு செய்கின்றன. சில நேரம் ஆறே நாளுக்கு முன்புதான் அறிவிப்பார்கள். இரவு மேட்ச் முடிந்து அந்தக் கூட்டத்தோடு ஃபிரிஸ்கோ வரை ஓட்டிவருவது வேண்டாம். காலேஜ் ஸ்டேஷன் சின்ன ஊர், அறைகள் இப்போதே தீர்ந்துகொண்டிருக்கும்.

அப்புறம் ஃபோர்ட் வொர்த். டிசியு – எஸ்எம்யு மேட்சில் ஜெயிப்பவருக்குக் கோப்பை ஒரு இரும்பு வாணலி. 1915-இல் முதல் மேட்ச், 1946-இல் வாணலி வந்தது. ஒன்றுக்கொன்று பக்கத்து நகரத்தில் இருக்கும் கல்லூரிகள். இந்த ஆண்டோடு இந்தத் தொடரை நிறுத்துவதாக டிசியு ஏற்கெனவே அறிவித்துவிட்டது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம். பணக்கார கான்ஃபரன்ஸ் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) மேட்சுகளுக்கு அட்டவணையில் இடம்விட, நூறாண்டுப் பழக்கம் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் போகிறது. அடுத்து எப்போது நடக்கும் என்று சொல்ல ஆளில்லை. அதனால்தான் உங்கள் இரண்டில் ஒன்றை இதற்குக் கொடுக்கச் சொல்கிறேன்.

மேட்சும் சப்பென்று இருக்காது. போன ஆண்டு டல்லாஸில் எஸ்எம்யு 66–42 என்று அடித்து நொறுக்கியது. டிசியு பயிற்சியாளர் சோனி டைக்ஸ் நடுவர்களிடம் சண்டைபோட்டு மைதானத்தை விட்டே வெளியேற்றப்பட்டார். அவர் முன்பு எஸ்எம்யுவின் பயிற்சியாளர், அங்கிருந்துதான் டிசியு போனார். இப்போது எஸ்எம்யுவில் இருக்கும் ரெட் லாஷ்லி ஒருகாலத்தில் அவர் கீழேயே வேலை பார்த்தவர். எஸ்எம்யு போன சீசனில் பிளேஆஃப் வரை போன அணி. குவாட்டர்பேக் கெவின் ஜென்னிங்ஸ் டல்லாஸ் பையன். ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு மணி நேரப் பயணம், ஓட்டல் செலவு இல்லை, டிக்கெட்டும் ஏ அண்ட் எம் ஆடும் எஸ்இசி கான்ஃபரன்ஸின் மேட்ச் விலையில் இருக்காது. ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள இதுவே நல்ல முதல் வகுப்பு. செப்டம்பர் வெயிலுக்கு மேற்குப் பக்க இருக்கை பாருங்கள், அங்கேதான் நிழல் முதலில் வரும்.

இரண்டு இடத்துக்கும் பொதுவாக: கைப்பையை வீட்டில் வைத்துவிட்டு உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பை எடுத்துப்போங்கள், சாதாரணப் பையை வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். டிக்கெட் போனில்தான் வரும். ஒரு லட்சம் பேர் கூடும் இடத்தில் சிக்னல் திணறும், அதனால் வீட்டிலேயே போன் வாலட்டில் இறக்கிவிடுங்கள். கைல் ஃபீல்டுக்கு அடர் சிவப்பு மெரூன் சட்டை. மறந்தும் லாங்ஹார்ன்ஸின் ஆரஞ்சு வேண்டாம்.

டிவிக்கு விட்டவற்றில் தவறவிடக்கூடாதவை சில. ஆகஸ்ட் 29, வேக்கோவில் பேய்லர் – ஆபர்ன். செப்டம்பர் 1, தொழிலாளர் தினத்து இரவு டிசியு நார்த் கரோலினா போகிறது. தொழில்முறைக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் போலை ஆறு முறை பயிற்சியாளராக வென்ற பில் பெலிச்சிக் கல்லூரிப் பயிற்சியாளராக முதன்முதலில் நிற்கும் மேட்ச் அது. செப்டம்பர் 13, ஏ அண்ட் எம் – நோட்டர் டேம், மகனோடு வீடியோ காலில் பார்க்கலாம். லப்பக்கின் டெக்ஸாஸ் டெக் இந்த ஆண்டு பெரும் பணம் செலவழித்து வேறு கல்லூரி வீரர்களைத் திரட்டியிருக்கிறது. நவம்பர் 8-இல் பிஒய்யு (பிரிகம் யங் பல்கலைக்கழகம்) அங்கே வரும்போது அந்தப் பணம் பலித்ததா என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, மகன் கட்டாயம் கேட்கப்போகிற மேட்ச்: நவம்பர் 28, வெள்ளி, ஆஸ்டினில் டெக்ஸாஸ் – ஏ அண்ட் எம். 1894-இல் தொடங்கிய பகை. ஏ அண்ட் எம் எஸ்இசிக்குப் போனதால் 2011-க்குப் பிறகு நின்றுபோய், டெக்ஸாஸும் அதே கான்ஃபரன்ஸுக்கு வந்தபின் போன ஆண்டுதான் மறுபடி நடந்தது. காலேஜ் ஸ்டேஷனில் டெக்ஸாஸ் 17–7 என்று ஜெயித்தது. ஆஸ்டினில் இவர்கள் மோதி 15 ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்த சீசனில் டெக்ஸாஸ் மாநிலத்திலேயே விலை அதிகமான டிக்கெட்டுகளில் ஒன்றாக அது இருக்கும். தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள், அவன் எப்படியும் வீட்டில் இருப்பான். நண்பர்களோடு ஆஸ்டின் போக வழி கிடைத்தால் அவனை மட்டும் அனுப்புங்கள். நீங்கள் மூன்று பேரும் மாலை 6.30-க்கு ஏபிசி போட்டால் போதும்.