மூடுல் என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் பாடத்தை ஏற்றும்போது ‘பொருந்தாத தொகுப்பு’ என்ற எச்சரிக்கை வருவது ஏன்?

தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்து ஆசிரியர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது.

பாடமும் கல்வித் தளமும் பேசிக்கொள்வதற்கான பொது விதிமுறைக்கு ஸ்கார்ம் என்று பெயர். மாணவர் எதுவரை படித்தார், எத்தனை மதிப்பெண் பெற்றார் என்பதெல்லாம் இதன் வழியாகத்தான் தளத்துக்குப் போகின்றன. இதில் 1.2, 2004 என இரண்டு பதிப்புகள் புழக்கத்தில் உள்ளன. மூடுல் தளம் முழுமையாக ஏற்பது 1.2-ஐத்தான்.

கொள்முதல் நிலையத்தில் நெல்மணி எவ்வளவு திரட்சியாக இருந்தாலும் சாகுபடி விவரம் சொல்லும் அடங்கல் சான்றைக் காட்டியாக வேண்டும் அல்லவா? பாடக் கோப்புகளைச் சுருக்கி வைத்த ஜிப் தொகுப்பில் உள்ள ‘ஐஎம்எஸ் மேனிஃபெஸ்ட்’ என்ற கோப்புதான் பாடத்தின் அடங்கல். ஜிப்பைத் திறந்தவுடன் அது முகப்பிலேயே இருக்க வேண்டும். உள்ளே ஒரு கோப்புறைக்குள் புதைந்து கிடந்தால் தளத்தின் கண்ணில் படாது. ஜிப்பை விரித்துத் திருத்திவிட்டு, கோப்புறையை அப்படியே மறுபடி சுருக்கும்போதுதான் பெரும்பாலும் இப்படி ஆகிறது. கோப்புறைக்குள் சென்று, அங்குள்ள எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துச் சுருக்குங்கள். அதன் பிறகும் எச்சரிக்கை வந்தால், பாடம் தயாரித்த மென்பொருளில் 1.2 பதிப்பைத் தேர்ந்தெடுத்து மீண்டும் வெளியிடுங்கள்.

பாடமே கெட்டுவிட்டது என்று எண்ணிச் சிலர் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், எழுதிய பக்கங்களில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.