வாசகர் கேள்வி – பதில்: ஒரே அளவுகோல் வேண்டுமா?

கேள்வி: கையில் கிடைப்பதையெல்லாம் படிப்பவள் நான். ஜெயகாந்தனின் ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ மிகவும் பிடித்தது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ முழுவதும் ஒப்பாரியாகவே நீள்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவின் ‘அந்நியன்’ நாவல் மனத்தில் ஒட்டவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு சலிப்பூட்டியது. ஒரே அளவுகோல் இல்லாமல் பேசுவதாகத் தோழியர் குறை கூறுகின்றனர். அது சரியா?

– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: சரியன்று. நாவலையும் நாட்குறிப்பையும் ஒரே கோலால் அளக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. ஆனால், தாங்கள் அறியாமலேயே ஓர் அளவுகோலை வைத்திருக்கிறீர்கள் என்பதே என் எண்ணம்.

‘அந்நியன்’ நாவலின் நாயகன் தன் தாயின் அடக்கத்தின்போது அழுவதில்லை. பின்னர் அவன் செய்த கொலைக்காக நடக்கும் வழக்கில், கொலையைக் காட்டிலும் அந்த அழாமையே பெருங்குற்றமாக எடுத்துப் பேசப்படுகிறது. ‘கோவேறு கழுதைக’ளின் ஆரோக்கியமோ, ஊருக்கெல்லாம் துணி வெளுத்துப் படியரிசியை நம்பி வாழும் குடும்பத்தின் தலைவி, அவள் புலம்பிக்கொண்டே இருக்கிறாள். அழாதவனும் ஒட்டவில்லை, ஓயாது அழுபவளும் ஒட்டவில்லை என்றால், துயரத்தை இவ்வளவுதான் காட்ட வேண்டும் என்று தங்கள் மனம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. காம்யுவின் நீதிமன்றத்தில் இருப்பவர்களும் அப்படியொரு வரம்பை வைத்துக்கொண்டுதான் அவனை விசாரிக்கிறார்கள். எனவே தங்களுக்கு நேர்ந்த ஒட்டாமையை நாவலின் குறையாக நான் கருதவில்லை. ஆரோக்கியத்தைப் பொறுத்தவரை தங்களோடு முற்றிலும் மாறுபடுகிறேன். கூலியையும் மானத்தையும் கேட்டுப் பெற வழியற்ற ஒருத்திக்குப் புலம்பல் ஒன்றே வழக்குரைக்கும் மொழி. தங்கள் மாவட்டத்து மண்ணின் பேச்சிலேயே அது எழுதப்பட்டிருப்பதால், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு புலம்பலுக்குள்ளும் ஒரு கணக்கு, ஒரு கேள்வி இருப்பது காதில் விழும்.

தங்கள் ஊரில் பிறந்த ஜெயகாந்தனின் நாவல் எனக்கும் பிரியமானது. அதன் மனிதர்கள் மிகையாக நல்லவர்கள் என்போர் உண்டு; அந்த நன்மையை நம்பவைப்பதே அந்நூலின் சாதனை என்பேன்.

நாட்குறிப்பு சலிப்பூட்டியதற்குக் காரணம், அதை முதல் பக்கத்திலிருந்து கதைபோலப் படித்ததாகவே இருக்கும். 1736-இல் தொடங்கி, கப்பல் வருகை, சரக்கு, வதந்தி, அரண்மனைச் சச்சரவு என்று அன்றாடம் பதிந்துகொண்டே போன ஒரு துபாஷி, அதாவது புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரரின் மொழிபெயர்ப்பாளர், நமக்காக விறுவிறுப்பைத் திட்டமிடவில்லை. 1746-இலிருந்து தொடங்குங்கள். அவ்வாண்டு சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானதும், ஆங்கிலேயரின் தலைமையிடம் தங்கள் கடற்கரையை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கு மாறியது. அதைப் பிடிக்கப் புதுச்சேரியிலிருந்து படைகள் சென்று தோற்றுத் திரும்பின. 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது, அங்கிருந்த வேதபுரீஸ்வரர் கோயில் பிரெஞ்சுக்காரரால் இடிக்கப்பட்டது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸுக்கு அருகிலேயே இருந்தும் அதைத் தடுக்க இயலாத பிள்ளை, அந்த நாட்களை எழுதியிருக்கும் பக்கங்களில் எனக்கு ஒருபோதும் சலிப்புத் தட்டியதில்லை. அதன் பிறகு, அதே காலத்தைக் கதையாக்கிய பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ இரண்டையும் படித்துவிட்டு, நாட்குறிப்பைப் பற்றிய தங்கள் கருத்தை மீண்டும் எழுதுங்கள்.