எழுத்துப்பிழை செய்பவர் திறமை இல்லாதவரா?

பிழையில்லாமல் எழுதுகிறாரா என்பதை வைத்து ஒருவருடைய திறமையை எடைபோடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் தொழிலே ப்ரூஃப் பார்ப்பதுதான். ஒற்று விட்டுப்போன இடம், றகரம் வரவேண்டிய இடத்தில் ரகரம் விழுந்த இடம் என்று அடுத்தவர் எழுத்தில் பிழை தேடித்தான் சம்பாதிக்கிறேன். அதனால் நான் 'தாராளமாக எடைபோடலாம்' என்று சொல்வேன் என எதிர்பார்ப்பார்கள். இத்தனை பேர் எழுத்தைப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது வேறு. பிழை அந்த எழுத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது. எழுதிய ஆளைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்கிறது. அந்தக் கொஞ்சத்தையும் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

தமிழில் பிழை எங்கே வருகிறது என்று பாருங்கள். ந, ன இரண்டும் இன்றைய பேச்சில் ஏறக்குறைய ஒரே ஒலி. கரை, கறை இரண்டையும் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். ழகரம், ளகரம் பற்றிச் சொல்லவே வேண்டாம். காதுக்கு ஒன்றாகக் கேட்பதைக் கண்ணால் பார்த்து நினைவில் வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. நிறைய வாசித்தவருக்கு அந்த உருவம் மனதில் பதிந்திருக்கும். பார்த்தும் கேட்டும் கையால் செய்தும் தொழில் கற்றவருக்குப் பதிந்திருக்காது. ஆக, பிழையில்லாத எழுத்து ஒருவர் எவ்வளவு வாசித்திருக்கிறார், எந்த மொழியில் படித்திருக்கிறார் என்பதைக் காட்டும். பழுதான மோட்டாரின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று அவரால் சொல்ல முடியுமா என்பதை அது காட்டாது.

கைபேசியில் தட்டும்போது வரும் பிழைகள் தனி ரகம். ஒலிமுறை விசைப்பலகையில் ள, ண, ற வேண்டுமென்றால் ஷிஃப்ட் அழுத்த வேண்டும். அவசரத்தில் அது விட்டுப்போகும். இலக்கணம் நன்றாகத் தெரிந்தவர்கள் அனுப்பும் குறுஞ்செய்திகளிலேயே இதைப் பார்க்கிறேன்.

அப்புறம் டிஸ்லெக்சியா உள்ளவர்கள். இவர்களுக்கு வாசிப்பதும் எழுத்துக்கூட்டுவதும் கடினம். அதற்கும் அறிவுக்கும் தொடர்பில்லை. 2009இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர் கரோல் கிரைடர். குரோமோசோம்களின் முனைகளைக் காக்கும் டெலோமியர் பற்றிய ஆய்வுக்காகக் கிடைத்த பரிசு அது. 2017இல் வேதியியலுக்கான பரிசு பெற்ற மூவரில் ஒருவர் ஷாக் துபோஷே. நீர் படிகமாகிவிடாதபடி நொடியில் உறையவைத்து, உயிர் மூலக்கூறுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க வழிசெய்தவர். இருவருக்கும் டிஸ்லெக்சியா உண்டு. பள்ளியில் தனி வகுப்புக்கு அனுப்பப்பட்டதால் தன்னை மந்தமானவள் என்றே நினைத்துக்கொண்டதாகக் கிரைடர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எழுத்துப்பிழையை வைத்து ஒரு குழந்தையின் அறிவை அளந்தால் அந்தக் குழந்தையே அதை நம்பிவிடுகிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

'அவர்களெல்லாம் விதிவிலக்குகள்' என்பீர்கள். சரி, தினமும் நாம் பயன்படுத்தும் ஒன்றைச் சொல்கிறேன். ஓர் இணையப் பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது, எங்கிருந்து வருகிறோம் என்பதை உலாவி அடுத்த தளத்துக்குத் தெரிவிக்கும். அந்தத் தகவலின் பெயர் 'ரெஃபரர்'. ஆங்கிலத்தில் நடுவில் இரண்டு ஆர் எழுத்து வரவேண்டும். முன்மொழிந்தபோது ஒன்று விட்டுப்போனது. உலாவியும் தளமும் தகவல் பரிமாறிக்கொள்வதற்கான விதிமுறைதான் எச்டிடிபி. 1996இல் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்திலும் அந்தப் பிழை அப்படியே ஏறிவிட்டது. இன்றுவரை உலகம் முழுக்க அந்தப் பெயரைப் பிழையோடுதான் அனுப்புகிறார்கள், பெறுகிறார்கள். இணையத்துக்கு அடித்தளம் போட்டவர்களின் ஆவணம் அது. அவர்களைத் திறமையற்றவர்கள் என்று யார் சொல்வார்கள்? உலாவியும் தளமும் அதே பிழையோடு ஒரே மாதிரி எழுதுவதால் வேலை தடையில்லாமல் நடக்கிறது.

ஒரே ஒரு எழுத்து பெரிய சேதம் செய்த சம்பவங்களும் உண்டு. பிரிட்டனில் நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அலுவலகம் 2009இல் 'டெய்லர் அண்ட் சன்ஸ்' என்ற நிறுவனம் கலைக்கப்படுவதாகப் பதிவுசெய்தது. உண்மையில் கலைக்கப்பட்டது 'டெய்லர் அண்ட் சன்' என்ற வேறொரு நிறுவனம். சில நாளில் பதிவைத் திருத்திவிட்டார்கள். அதற்குள் செய்தி பரவி, கடன் தந்தவர்களும் சரக்கு தந்தவர்களும் பின்வாங்க, நூறாண்டுக்கு மேல் நடந்த நிறுவனம் நொடித்துப்போனது. சுமார் 250 பேர் வேலை செய்த இடம். 2015இல் உயர் நீதிமன்றம் பதிவு அலுவலகத்தின் மீதுதான் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது.

இங்கே இரண்டு பெயர்களுமே எழுத்துப்படி சரியானவை. எழுத்துக்கூட்டுவதில் கெட்டிக்காரரை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தாலும் இதே பிழை நடந்திருக்கலாம். பதிவு எண்ணை ஒரு தடவை சரிபார்த்திருந்தால் நடந்திருக்காது.

மருத்துவத் துறை இதைப் புரிந்துகொண்டு செயல்பட்டது. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் புற்றுநோய் மருந்துகள். பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்று, கொடுக்கும் அளவோ வேறு வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதற்குத் தீர்வாகச் செவிலியர்களுக்கு எழுத்துக்கூட்டும் தேர்வு வைக்கவில்லை. பெயரில் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். நல்ல திறமைசாலிக்கும் கண் ஏமாறும் என்று ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு அது. எனக்கு அந்த அணுகுமுறை மிகவும் பிடிக்கும்.

அப்படியானால் எழுத்தைப் பார்த்து ஆளைப் பற்றி எதுவுமே தெரியாதா? தெரியும். நான் கவனிப்பது பிழை இருக்கிறதா என்பதைவிட, அது எந்த வகை என்பதை. கட்டுரை முழுக்க ஒருவர் 'முயற்ச்சி' என்றே எழுதுகிறார் என்றால் அவர் அப்படித்தான் கற்றிருக்கிறார். றகர மெய்க்குப் பின் புள்ளி வைத்த இன்னொரு எழுத்து வராது என்று ஒரு தடவை சொன்னால் போதும், பயிற்சி, அதற்கு, கற்க எல்லாம் சேர்ந்து சரியாகிவிடும். இன்னொருவர் ஒரே ஆளின் பெயரை மூன்று பத்திகளில் மூன்று விதமாக எழுதியிருப்பார். அட்டவணையில் ஒரு தொகை, கீழே விளக்கத்தில் வேறொரு தொகை. இலக்கணப்படி ஒரு பிழையும் இருக்காது. எனக்குக் கவலை தருவது இரண்டாமவர்தான். எழுதியதை அவர் திரும்பப் பார்க்கவில்லை என்று தெரிகிறது. நேரமும் வசதியும் இருந்து, முக்கியமான ஆவணம் என்று தெரிந்தும் ஒருவர் தொடர்ந்து இப்படிச் செய்தால், அவருடைய மற்ற வேலையையும் ஒருமுறை சரிபார்ப்பேன். அவசரச் செய்தி, உரையாடலுக்கு நடுவே தட்டிய பதில் போன்றவற்றுக்கு இந்த அளவுகோலை வைக்கமாட்டேன்.

எழுத்தே வேலையாக உள்ளவர்களை எழுத்தை வைத்து மதிப்பிடுவதில் தவறில்லை. மொழியாசிரியர், மொழிபெயர்ப்பாளர், சட்ட ஆவணம் தயாரிப்பவர், என்னைப் போல ப்ரூஃப் பார்ப்பவர். என் கையைத் தாண்டி அச்சுக்குப் போன பிழைக்கு என்னைக் கேளுங்கள், அது நியாயம்.

வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்கு ஒன்று. பிழையில்லாத விண்ணப்பம் முன்பு ஏதோ கொஞ்சம் சொல்லியது. இன்று செயற்கை நுண்ணறிவு கருவியிடம் கொடுத்தால் யாருடைய கடிதமும் சுத்தமாக வந்துவிடும். பிழையை வைத்து வடிகட்டினால், கருவியைப் பயன்படுத்தத் தெரியாதவரும் இரண்டாம் மொழியில் எழுதுபவரும் மட்டும் வெளியே போவார்கள். செய்யவேண்டிய வேலையிலிருந்தே ஒரு சின்னப் பகுதியை எடுத்துக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பாருங்கள். கணக்காளர் என்றால் ஒரு கணக்கு, நிரலாளர் என்றால் ஒரு நிரல். அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கடைசியாக, நான் அடிக்கடி நினைத்து வருந்தும் ஒன்று. தொழிலில் ஆழமான அனுபவம் உள்ள எத்தனையோ பேர் எழுதுவதே இல்லை. எழுதினால் சொன்ன விஷயத்தை விட்டுவிட்டு 'முதலில் தமிழைப் பிழையில்லாமல் எழுதுங்கள்' என்று நாலு பேர் வருவார்கள் என்று பயம். அவர்கள் எழுதாமல் போவதால் இழப்பு வாசிக்கிற நமக்குத்தான். எனக்குத் தமிழ் மேல் இருக்கிற ஆசையில் சொல்கிறேன், பிழையோடு எழுதப்பட்ட நல்ல விஷயத்தைத் திருத்திவிடலாம். எழுதப்படாததை நான் எப்படித் திருத்துவது? பிழையைச் சுட்டிக்காட்டத் தோன்றினால் அவருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள். சரியான வடிவத்தைக் கொடுத்து, அதற்கான விதியை ஒரே வரியில் சொல்லுங்கள். அவர் எழுதிய விஷயத்தைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள். அடுத்த தடவை அவர் தயங்காமல் எழுதுவார்.