புறக்கணிப்பை யார் கேட்டார்கள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் சான் டியேகோவில் நீண்ட காலமாக வசிக்கிறேன். 2010 ஏப்ரலில் அரிசோனா மாநிலம் எஸ்.பி. 1070 என்ற குடியேற்றச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, நிறத்தைப் பார்த்துக் காவலர்கள் ஆவணம் கேட்கும் நிலை வரும் என்று கொதித்துப்போய், நானும் நண்பர்களும் கிராண்ட் கேன்யன் பயணத்தையும் ஃபிளாக்ஸ்டாஃபில் பதிவு செய்திருந்த விடுதி அறைகளையும் ரத்து செய்தோம். என் அலுவலகத்தில் உடன் பணியாற்றும், மெக்சிகோ வழிவந்த ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்தார். அது இன்னும் உறுத்துகிறது. 2023இல் ஃபுளோரிடாவின் குடியேற்றச் சட்டத்துக்கு எதிராக லாரி ஓட்டுநர்கள் சிலர் அறிவித்த புறக்கணிப்பும் தோற்றுத்தான் போனது. பொருளாதாரப் புறக்கணிப்பால் ஒரு மாநிலத்தின் சட்டத்தை மாற்ற முடியுமா? காந்தியின் அந்நியத் துணிப் புறக்கணிப்போடு இதை ஒப்பிடலாமா? பாடகர்கள் நிகழ்ச்சிகளை ரத்து செய்ததால் ஏதேனும் பயன் உண்டா?

க., சான் டியேகோ

அன்புள்ள க.,

சில வாரங்களாகக் கலிஃபோர்னியத் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் அந்த வாசிப்பின் நடுவில் வந்து சேர்ந்தது. ஆகவே இந்தப் பதில் உங்கள் கேள்வியிலிருந்து விலகிச் சென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாடகர்களை விட்டுவிடுவோம், அவர்கள் பாடாத ஊரில் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. காந்தியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். 1931 செப்டம்பரில் அவர் இங்கிலாந்தில் லங்காஷயரின் டார்வென் நகருக்குச் சென்று, இந்தியா துணி வாங்காததாலும் வேலையிழந்திருந்த ஆலைத் தொழிலாளர்களை நேரில் சந்தித்தார். ஒப்பிட விரும்புகிறவர் அந்தப் பயணத்திலிருந்து தொடங்கட்டும்.

நீங்கள் ரத்து செய்த பயணத்தைக் கொஞ்சம் பார்ப்போம். கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா. அதன் நுழைவுக் கட்டணம் மத்திய அரசின் கணக்கில் சேருகிறது, அரிசோனாவின் கணக்கில் அல்ல. அந்த மத்திய அரசுதான் 2010 ஜூலையில் இச்சட்டத்தை எதிர்த்து அரிசோனா மீது வழக்குத் தொடர்ந்தது. ஃபிளாக்ஸ்டாஃபின் நகர மன்றமோ, டூசான் நகர மன்றத்தைப் போலவே, சட்டம் கையெழுத்தான இரண்டு வாரங்களுக்குள் அதை எதிர்த்து நீதிமன்றம் செல்லத் தீர்மானித்தது. அதாவது ஆளுநர் ஜான் ப்ரூவரையும், சட்டத்தை முன்மொழிந்த செனட்டர் ரஸ்ஸல் பியர்ஸையும் தண்டிப்பதாக எண்ணிக்கொண்டு, அவர்களை எதிர்த்து நின்ற ஊரின் விடுதியில் படுக்கை விரிக்கும் பெண்ணின் வேலைநேரத்தைக் குறைத்திருக்கிறீர்கள். அப்பெண் யாராக இருந்திருப்பாள் என்று உங்கள் அலுவலக நண்பருக்குத் தெரியும், அதனால் சிரித்திருக்கிறார்.

உங்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. அந்தக் கோடையில் கலிஃபோர்னியாவில் நான் தங்கியிருந்த வீட்டில், நண்பர் ஒருவர் குளிர்பெட்டியிலிருந்த 'அரிசோனா' ஐஸ் டீ டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து, மிகுந்த ஆவேசத்தோடு சமையலறைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். பள்ளியில் படிக்கும் அவருடைய மகள் ஒரு டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது நியூயார்க் கம்பெனி" என்றாள். அவர் மீதமிருந்ததையும் ஊற்றிவிட்டுத்தான் நிறுத்தினார். லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றம் மே மாதத்தில் அரிசோனாவைப் புறக்கணிக்கத் தீர்மானம் போட்டபோது, அரிசோனாவின் மின்துறை ஆணையர்களில் ஒருவர், உங்கள் நகரத்தின் மின்சாரத்தில் கால் பங்கு எங்கள் மாநில மின்நிலையங்களிலிருந்து வருகிறதே, அதையும் நிறுத்திவிடலாமா என்று கேட்டுக் கடிதம் எழுதினார். உங்கள் சான் டியேகோ நகர மன்றமும் சட்டத்தைக் கண்டித்துத் தீர்மானம் இயற்றியது. கோபமடைந்த அரிசோனாக்காரர்கள் கடற்கரை விடுதிப் பதிவுகளை ரத்து செய்யத் தொடங்கியதும், உங்கள் ஊர்ச் சுற்றுலா அமைப்பினர் அவர்களைத் தயவுசெய்து வாருங்கள் என்று அழைத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

புறக்கணிப்பு வீண் என்று நான் சொல்லவில்லை, இதை வைத்து என்னை அந்தக் கட்சியில் சேர்த்துவிடாதீர்கள். மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறையை அரிசோனா வாக்காளர்கள் 1990இல் நிராகரித்தபோது, தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பு 1993இன் சூப்பர் பௌல் என்னும் தன் இறுதி ஆட்டத்தை ஃபீனிக்ஸ் அருகிலுள்ள டெம்பியிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு மாற்றியது. 1992இல் அதே வாக்காளர்கள் விடுமுறையை ஏற்றார்கள், 1996இல் ஆட்டம் டெம்பியில் நடந்தது. அங்கே கோரிக்கை ஒன்றே ஒன்று, அதை நிறைவேற்ற வேண்டியவர் யார் என்பதும் தெளிவு. 2010இல் அந்தத் தெளிவு இல்லை. சட்டத்தின் முக்கியப் பகுதிகளை ஜூலை 28 அன்று தடுத்தவர் நீதிபதி சூசன் போல்டன்; 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கிலிருந்த நான்கு பிரிவுகளில் மூன்றை ரத்து செய்து, காவலர் நிறுத்தியவரின் குடியேற்ற நிலையை விசாரிக்கும் பிரிவை மட்டும் விட்டுவைத்தது. புறக்கணிப்பின் பலன் பக்கவாட்டில் வந்தது. 2011 மார்ச்சில் அரிசோனாவின் அறுபது நிறுவனத் தலைவர்கள், வணிகத்துக்கு நேர்ந்த கேட்டைச் சுட்டிக்காட்டிப் பியர்ஸுக்குக் கடிதம் எழுதினார்கள், அந்த வாரமே அவருடைய சொந்தக் கட்சி பெரும்பான்மையாக இருந்த மாநில மேலவை ஐந்து புதிய குடியேற்ற மசோதாக்களைத் தோற்கடித்தது. உங்கள் கேள்விக்கான பதில் இதற்குள் இருக்கிறது.

ஆனால் என் மனம் நான் வாசித்துக்கொண்டிருக்கும் அந்தத் திராட்சை வேலைநிறுத்தம் தொடங்கிய டெலானோவில்தான் நிற்கிறது. 1965 செப்டம்பர் 8 அன்று அங்கே திராட்சை பறிக்க மறுத்து முதலில் வேலையை நிறுத்தியவர்கள் லாரி இட்லியாங் தலைமையிலான பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள். அவர்களில் மிகப் பலர் 1920களிலும் 1930களிலும் இளைஞர்களாக வந்து, கலிஃபோர்னியச் சட்டம் வெள்ளைப் பெண்ணை மணக்கத் தடை விதித்ததாலும், 1934ஆம் ஆண்டுச் சட்டம் பிலிப்பைன்ஸிலிருந்து ஆண்டுக்கு ஐம்பது பேரை மட்டுமே அனுமதித்ததாலும், மனைவி மக்கள் இல்லாமல் தொழிலாளர் குடில்களிலேயே முதுமையடைந்தவர்கள். குடியேற்றச் சட்டம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஒரு வாரத்தில் செசார் சாவேஸ், டொலோரஸ் ஹுயர்டா ஆகியோரின் மெக்சிகோத் தொழிலாளர் சங்கம் உடன் சேர்ந்தது. கூலியை இழந்த பின்னர்தான் அவர்கள் நாட்டைப் பார்த்துத் திராட்சை வாங்காதீர்கள் என்று கேட்டார்கள். கேட்டதோடும் நிற்கவில்லை. பறித்த கைகளே தொலைதூர நகரங்களுக்குச் சென்று, பனியில் கடைவாசலில் நின்று, உள்ளே நுழையும் குடும்பத் தலைவிகளிடம் ஒவ்வொருவராகச் சொல்லின. 1970 ஜூலையில் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வாங்குகிறவர் விட்டது ஒரு கொத்துப் பழம், கேட்டவர் விட்டது ஐந்து பருவங்களின் கூலி. இந்த வரிசை தலைகீழாகும்போது, அதாவது எதையும் இழக்காதவர் முடிவெடுத்து, இழக்கப்போகிறவருக்குத் தகவல்கூடச் சொல்லாதபோது, எனக்கு அந்தப் போராட்டத்தின் மீது மரியாதை வருவதில்லை. அரிசோனாவிலும் இழப்பை ஏற்றுக் கேட்டவர் ஒருவர் இருந்தார். டூசானின் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ராவுல் கிரிஹால்வா, மாநாடுகளை இங்கே நடத்தாதீர்கள் என்று சொந்த மாநிலத்துக்கு எதிராக அழைப்பு விடுத்து, கொலை மிரட்டல்களால் அலுவலகத்தை மூட நேர்ந்து, நீதிமன்றத் தடை வந்ததும் அழைப்பைத் திரும்பப் பெற்று, அந்த நவம்பரில் பாதுகாப்பான தொகுதியில் திணறி வென்றார். அவரை நான் வணங்குகிறேன்.

ஃபுளோரிடாவின் லாரி ஓட்டுநர்களை உங்களோடு ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். சரக்கை ஏற்ற மறுத்தவருக்கு அன்றைய வாடகை போயிற்று. 2023 ஜூன் 1 அன்று, தக்காளி வயல்களுக்குப் பெயர்போன இமோகலியில், தொழிலாளர்கள் கூலியை விட்டு ஊர்வலம் போனார்கள், சிறு கடைக்காரர்கள் கடையைச் சாத்தினார்கள். ஜூலை 1 அன்று சட்டம் அமலுக்கு வந்தது உண்மைதான். அதைத் தோல்வி என்று எழுத அவர்களுக்கு உரிமை உண்டு, உங்களுக்கும் எனக்கும் இல்லை.

இவ்வளவு ஆண்டுகள் ஒரு சிரிப்பு உறுத்துகிறதென்றால் உங்களுக்கு நல்ல மனம்தான், சந்தேகமில்லை. ஆனால் இத்தனை காலத்தில் அந்த நண்பரிடம் ஏன் சிரித்தீர்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. நாளை மதிய உணவின்போது கேளுங்கள். அடுத்த கடிதத்தில் அவர் சொன்னதை எழுதுங்கள். உங்கள் கருத்து எனக்கு ஏற்கெனவே தெரியும்.

அன்புடன்