ஏ.ஐ. கொடுத்த டிரையல் எண் பதிவேட்டில் இல்லையே, என்ன செய்வது?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை, ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் எக்ஸான் 19 டிலீஷன் என்ற மாற்றம். ஒன்றேகால் வருடமாக ஓசிமெர்டினிப் மாத்திரை. இப்போது ஸ்கேனில் நோய் வளர்ந்திருக்கிறது. சென்னையில் பொருத்தமான கிளினிக்கல் டிரையல் (நோயாளிகளிடம் மருந்தைச் சோதிக்கும் ஆய்வு) உண்டா என்று சாட்ஜிபிடியிடம் கேட்டேன். ஐந்து கொடுத்தது. இரண்டின் எண் எங்கேயும் இல்லை, ஒன்று எப்போதோ முடிந்துவிட்டது. இதைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி? (வாசகி, பெரம்பூர்)

பதில்: தேடும் வேலையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். படித்துப் பொருத்திப் பார்க்கும் வேலையை மட்டும் ஏ.ஐ.க்குக் கொடுங்கள். அமெரிக்கப் பதிவேட்டின் டிரையல் எண்ணில் என்.சி.டி. என்ற மூன்றெழுத்துக்குப் பின் எட்டு இலக்கம் வரும் என்பது அதற்குத் தெரியும். அந்த வடிவத்தில் ஓர் எண்ணை நிரப்பிவிடுவது அதற்கு எளிது. இணையத்தில் தேடித் தரும் வசதி இருந்தாலும், கண்ணில் பட்ட சில பக்கங்களை வைத்துத்தான் பேசும். இன்றைக்கு ஆள் சேர்க்கிறார்களா என்பதைப் பதிவேட்டில்தான் பார்க்க வேண்டும்.

பதிவேடுகள் இரண்டு. ஒன்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். நடத்தும் இந்தியப் பதிவேடு சி.டி.ஆர்.ஐ. மருந்து டிரையல்கள் இதில் பதிவாவது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். இன்னொன்று அமெரிக்காவின் கிளினிக்கல் டிரையல்ஸ் டாட் கவ். அதில் நாடு இந்தியா, ஊர் சென்னை, நிலை 'ரெக்ரூட்டிங்' (ஆள் சேர்க்கிறார்கள்), 'நாட் யெட் ரெக்ரூட்டிங்' (இனிமேல்தான் சேர்ப்பார்கள்) என்று வடிகட்டலாம். பன்னாட்டு டிரையல் என்றால் பெரும்பாலும் இரண்டிலும் இருக்கும். சி.டி.ஆர்.ஐ.யில் உலக அளவிலான நிலையும் இந்தியாவுக்கான நிலையும் தனித்தனி வரிகளாக இருக்கும். வெளிநாட்டில் சேர்க்கை நடந்துகொண்டே இங்கே மூடியிருப்பது உண்டு. இந்திய வரியைப் பாருங்கள். ஆய்வு நடக்கும் இடங்களின் பட்டியலில் சென்னை மருத்துவமனை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் வரை பார்வையை நீட்டலாம். முதல் கட்ட டிரையல்களில் வாரம் ஒருமுறைகூட வரச் சொல்வார்கள் என்பதால், அப்பாவால் அந்தப் பயணம் முடியுமா என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

தேடுசொற்களுக்கு ஏ.ஐ.யைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஒரே நோயை ஒருவர் 'கார்சினோமா லங்' என்று பதிந்திருப்பார், இன்னொருவர் 'நான் ஸ்மால் செல்' என்றோ அதன் சுருக்கத்தையோ எழுதியிருப்பார். எல்லா வடிவங்களையும் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ஒரு விஷயம்: தமிழில் 'மருத்துவப் பரிசோதனை' என்று கேட்டால் இரத்தப் பரிசோதனையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடும். 'கிளினிக்கல் டிரையல்' என்றே எழுதுங்கள். ரிப்போர்ட்டில் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்காமல் அப்படியே கொடுங்கள். விளக்கத்தை மட்டும் தமிழில் கேளுங்கள்.

அடுத்தது நோயாளித் தாள். நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். வயது, பயாப்சி முடிவு, நோய் நிலை, மரபணு ரிப்போர்ட் திசுவில் எடுத்ததா இரத்தத்தில் எடுத்ததா என்ற விவரம், இதுவரை தந்த ஒவ்வொரு சிகிச்சையும் தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, நிறுத்திய காரணம், மூளை எம்.ஆர்.ஐ. முடிவு எல்லாம் அதில் வேண்டும். நோயாளி எவ்வளவு நடமாடுகிறார் என்பதைக் குறிக்கும் 'ஈகாக்' எண்ணையும் டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள். 0 என்றால் எப்போதும் போல நடமாட்டம், 4 என்றால் முழுக்கப் படுக்கை. பெரும்பாலான டிரையல்கள் 0 அல்லது 1 கேட்கும். சர்க்கரை, பழைய காசநோய், மஞ்சள் காமாலை எதையும் விடாதீர்கள். கஷாயம், சூரணம், சித்த மருந்து எடுத்தால் அதையும் எழுதுங்கள். டிரையல் மருந்தின் அளவை அவை இரத்தத்தில் ஏற்றவோ இறக்கவோ கூடும் என்பதால் பல டிரையல்கள் நிறுத்தச் சொல்லும். மறைத்தால் பாதிப்பு அப்பாவுக்குத்தான். பெயர், மருத்துவமனை எண், ஆதார், தொலைபேசி எண் எதுவும் தாளில் வேண்டாம். ரிப்போர்ட்டைப் படமெடுத்து ஏற்றினால் தலைப்பில் இருக்கும் பெயரும் பார்கோடும் கூடவே போய்விடும், ஆகவே தட்டச்சு செய்யுங்கள்.

இரத்த அளவுகளை அலகோடும் தேதியோடும் எழுதுங்கள். நம்மூர் லேபில் பிளேட்லெட் '1.8 லட்சம்' என்று வரும். டிரையல் நிபந்தனை 'லிட்டருக்கு 100 × 10⁹' என்று கேட்கும். இரண்டாவது 1 லட்சத்துக்குச் சமம், ஆக இவர் தேறுகிறார். ஆனால் லட்சம் என்ற சொல் விட்டுப்போனால் ஏ.ஐ. 1.8ஐ 100உடன் ஒப்பிட்டுத் தள்ளிவிடும். கிரியேட்டினின் இதற்கு நேர்மாறான பொறி. 1.1 என்றால் லேப் நார்மல் என்று போடும். டிரையல் கேட்பது கிளியரன்ஸ், அதாவது சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. இரத்தத்தைச் சுத்திகரிக்கிறது என்ற கணக்கு. 140இலிருந்து வயதைக் கழித்து, கிலோ எடையால் பெருக்கி, 72ஐக் கிரியேட்டினினால் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும் (பெண்களுக்கு விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும்). 61 வயது, 58 கிலோ, 1.1 என்றால் விடை சுமார் 58. நிபந்தனை 50 என்றால் உள்ளே, 60 என்றால் வெளியே. ஏ.ஐ.யிடம் கணக்கைக் காட்டச் சொல்லி, போன் கால்குலேட்டரில் நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இனி பொருத்தம். ஒரு நேரத்தில் ஒரே டிரையல். பதிவேட்டிலிருந்து சேர்க்கை நிபந்தனைகளையும் விலக்கு நிபந்தனைகளையும் முழுதாக நகலெடுத்து, கீழே நோயாளித் தாளை ஒட்டி, இப்படிக் கேளுங்கள்: "ஒவ்வொரு நிபந்தனையையும் அப்படியே எழுது. தாளில் அதற்குரிய வரியை எடுத்துக் காட்டு. இது இவரைத் தடுக்கிறதா? தடுக்கிறது, தடுக்கவில்லை, தகவல் இல்லை என்ற மூன்றில் ஒன்றைச் சொல். தாளில் இல்லாததை ஊகிக்காதே." 'பொருந்துமா' என்று கேட்டால் விலக்குப் பட்டியலில் அது குழம்பும். 'பொருந்தும்' என்று அது சொன்னால் தேறினார் என்று அர்த்தமா, விலக்கப்படுகிறார் என்று அர்த்தமா? 'தடுக்கிறதா' என்று கேட்டால் அந்தச் சிக்கல் வராது. இன்னொரு தவறு, ஹெபடைடிஸ் பி சோதனையே எடுக்கவில்லை என்றால் 'ஹெபடைடிஸ் இல்லை' என்று அது எழுதிவிடுவது. அதனால்தான் 'தகவல் இல்லை' என்ற மூன்றாவது விடை.

இவ்வளவு செய்தும் பிழை வரும். அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்.ஐ.எச். ஆய்வாளர்கள் இதே வேலைக்கென்று 'டிரையல்ஜிபிடி' என்ற முறையை உருவாக்கி 2024இல் வெளியிட்டார்கள். நிபந்தனை வாரியாக அதன் துல்லியம் 87.3 சதவீதம். அதே விகிதம் என்று வைத்தாலும் 30 நிபந்தனைகளில் மூன்று நான்கு தப்பாகும். ஆகவே 'தடுக்கிறது' என்று வந்த வரிகளை நீங்களே மூலத்தில் படியுங்கள். ஒரு தப்பான வரியால் நல்ல டிரையல் ஒன்று கைவிட்டுப் போகக் கூடாது.

'தகவல் இல்லை' என்று வந்தவற்றை ஒரு தாளில் எழுதி உங்கள் ஆன்காலஜிஸ்டிடம் கொண்டுபோங்கள். அப்பாவின் நிலையில் அதில் முதல் வரியாகப் பெரும்பாலும் வருவது மறு பயாப்சி. ஓசிமெர்டினிப் வேலை செய்யாமல் போனதற்கு மெட் என்ற இன்னொரு ஜீன் பெருகியதோ, ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் சி797எஸ் என்ற புதிய மாற்றமோ, நோய் ஸ்மால் செல் என்ற வேறு வகை நுரையீரல் புற்றுநோயாக மாறியதோ காரணமாக இருக்கலாம். எது என்பதைப் பொறுத்தே டிரையலும் மாறும். கீமோ தொடங்குவதற்கு முன்பே இதைக் கேளுங்கள், ஏனென்றால் எத்தனை சிகிச்சை முடிந்திருக்கலாம் என்று பல டிரையல்கள் வரம்பு வைத்திருக்கும். கடைசி மருந்திலிருந்து இரண்டு முதல் நான்கு வார இடைவெளி கேட்பதும் சகஜம். அதற்காக, டிரையல் கிடைக்கும் கிடைக்கும் என்று கீமோவைத் தள்ளிப்போட வேண்டாம். எவ்வளவு நாள் காத்திருக்கலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு மூன்று டிரையல்கள் தேறினால், பதிவேட்டுப் பக்கத்தில் பொதுமக்களின் கேள்விகளுக்கென்று கொடுத்திருக்கும் தொடர்பு எண்ணையோ, சென்னை மையத்தின் ஆய்வாளரையோ அழையுங்கள். இடம் இருக்கிறதா, எத்தனை முறை வர வேண்டும், போக்குவரத்துச் செலவு தருவார்களா என்று கேளுங்கள். டிரையல் மருந்துக்கோ ஆய்வுக்கான சோதனைக்கோ பணம் கேட்டால் ஒதுங்கிவிடுங்கள். பதிவு எண் கேட்டுச் சொல்லாதவர்களிடமிருந்தும் அப்படியே. ஒப்புதல் படிவம் தமிழில் கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். டிரையலால் உடல் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்று 2019ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. அந்த வரி படிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் சந்திப்புக்கு முன், பயாப்சி செய்த மருத்துவமனையின் பேத்தாலஜி பிரிவில் பாரஃபின் பிளாக்கை (பயாப்சி திசுவை மெழுகில் பதித்து வைத்த கட்டி) எழுதிக் கொடுத்து வாங்கி வையுங்கள். ஸ்லைடு மட்டும் போதாமல் திரும்ப அனுப்பினால் ஒரு வாரம் போய்விடும்.