பர்னாந்து என்ற பெயரில் போர்ச்சுக்கீசிய ரத்தம் இருக்கிறதா?

நெல்லைக் கடற்கரை ஊரான உவரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அறுபது வயதைத் தாண்டியவர். கேள்வி இதுதான்: "எங்கள் குடும்பப் பெயர் பர்னாந்து. 'நமக்குள்ள பறங்கி ரத்தம் ஓடுதுல' என்று தாத்தா அடிக்கடி சொல்லுவார். அவருக்குப் பூனைக்கண். கனடாவில் இருக்கும் என் மகள் எச்சில் அனுப்பி டி.என்.ஏ. பரிசோதனை செய்தாள். 98 சதவீதம் தென்னிந்தியாவும் இலங்கையும், 1 சதவீதம் ஸ்பெயின், போர்ச்சுக்கல் பக்கம் என்று வந்திருக்கிறது. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துப் பெர்னாண்டோக்களை நூற்றுக்கணக்கில் சொந்தக்காரர்கள் என்று காட்டுகிறது. தாத்தா சொன்னது உண்மையா? இவர்கள் எல்லாம் யார்? மேற்கொண்டு பார்க்க வேண்டுமென்றால் எங்கே போவது?"

அண்ணாச்சி, முதல் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லிவிடுகிறேன். பெயர் போர்ச்சுக்கல் பெயர்தான். ஆனால் அதை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவர் அநேகமாக ஒரு ஞானத்தகப்பன், அதாவது ஞானஸ்நானத்தின்போது பக்கத்தில் பொறுப்பாக நிற்பவர். அவர் உங்கள் பூட்டனுக்குப் பூட்டனாக இருந்திருக்க வேண்டியதில்லை.

1530களில் முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, யார் கையில் என்ற தகராறு முற்றியபோது, பரதவ ஊர்களின் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். அங்கேயே ஞானஸ்நானமும் பெற்றார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கரை முழுக்கச் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றதாகக் கணக்குச் சொல்வார்கள். பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542ல். அதனால் 'சவேரியார் வச்ச பேரு' என்று நம் பக்கம் சொல்வது பாதிதான் சரி. பல பெயர்கள் அவருக்கு முன்பே வந்துவிட்டன.

அத்தனை ஆயிரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது ஆளுக்கொரு பெயரை உட்கார்ந்து யோசிக்க நேரம் ஏது? கப்பல்காரர், சிப்பாய், வியாபாரி என்று கூட இருந்த போர்ச்சுக்கீசியர் ஞானத்தகப்பனாக நிற்பார்கள், அவர்கள் பெயரே சுற்றிச் சுற்றி வரும். திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததையும், அவரவர் புதுப்பெயரை எழுதிக் கையில் கொடுத்ததையும் சவேரியாரே 1545ல் ஒரு கடிதத்தில் சொல்கிறார். மோத்தா, ரோச், மச்சாது, மிராந்தா, கோமஸ், வாஸ் எல்லாம் நம் கரைக்கு வந்தது ஏறக்குறைய இந்த வழியில்தான். வில்லவராயர், பூபாலராயர் போன்ற பழைய பட்டங்களும் பக்கத்திலேயே நிலைத்துவிட்டன.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி குரூஸ் என்ற பெயர். தூத்துக்குடி ஜாதித்தலைவர் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த பெயர் அது. பட்டங்கட்டிகளைக் கொச்சிக்குப் போகச் சொல்லி யோசனை கொடுத்தவர் ஜோவான் த குரூஸ் என்ற குதிரை வியாபாரி. பரதவர் தலைவர் ஞானஸ்நானத்தில் அவர் பெயரையே ஏற்றுக்கொண்டார். சரி, அந்த ஜோவான் த குரூஸ் வெள்ளைக்காரரா? கோழிக்கோட்டுக்காரர்! 1513ல் கோழிக்கோட்டு அரசரான சாமூதிரி அவரை லிஸ்பனுக்கு அனுப்பிவைத்தார், போன இடத்தில் ஞானஸ்நானம் பெற்று இந்தப் பெயரோடு திரும்பி வந்தார். ஒரு மலையாளக் கரைக்காரர் லிஸ்பனில் வாங்கிய பெயர் கொச்சி வழியாகத் தூத்துக்குடிக்கு வந்து குடும்பப் பெயராகிவிட்டது. இதில் எந்த இடத்திலும் போர்ச்சுக்கீசிய அப்பன் கிடையாது.

உங்கள் பெயரிலேயே இன்னொரு தடயம் இருக்கிறது. பர்னாந்து என்பது பெர்னாண்டோ நம் வாயில் மாறிய வடிவம்தான். போர்ச்சுக்கலில் பரவலான குடும்பப் பெயர் பெர்னாண்டஸ், அதாவது பெர்னாண்டோவின் மகன். பெர்னாண்டோ என்பது அங்கே பெரும்பாலும் ஆளைக் கூப்பிடும் பெயர். அது குடும்பப் பெயராகக் குவிந்து கிடப்பது இலங்கையிலும் நம் கரையிலும்தான். இன்னும் தோண்டினால், பெர்னாண்டோவே போர்ச்சுக்கீசியச் சொல் இல்லை. ஐபீரியாவை ஆண்ட கோத்தர்கள் கொண்டுவந்த ஜெர்மானியப் பெயர். பெயரை வைத்து ரத்தம் பார்ப்பதென்றால் போர்ச்சுக்கல்காரர் எல்லாரும் ஜெர்மனிக்குச் சொந்தம் கொண்டாட வேண்டியதுதான்.

கலப்பே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. புன்னைக்காயலிலும் தூத்துக்குடியிலும் போர்ச்சுக்கீசியர் குடியிருந்தார்கள். 1658ல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது, அவர்களும் நெடுங்காலம் இருந்தார்கள். ஏதோ சில வீடுகளில் கலந்திருக்கலாம். அந்த வீடு எது என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். பூனைக்கண்ணும் உதவாது. கருவிழியின் நிறத்தைக் குறைக்கும் மரபணு மாற்றம் ஐரோப்பாவில் அதிகம் என்றாலும், நம் நாட்டிலும் ஆங்காங்கே உண்டு. கடலையே பார்க்காத வள்ளியூர், அம்பாசமுத்திரம் பக்கத்து வயற்காட்டுக் குடும்பங்களிலும் ஊருக்கு ஒரு பூனைக்கண் தாத்தா இருப்பார்.

இப்போது அந்த 1 சதவீதம். உங்கள் மகளின் டி.என்.ஏ.வை, இன்று உயிரோடிருக்கும் பல நாட்டு மக்களின் மாதிரியோடு ஒப்பிட்டு, 'இது இதைப் போல இருக்கிறது' என்று கம்பெனி சொல்கிறது. ஒரு சதவீதம், அரை சதவீதம் என்று வருவதைப் பெரும்பாலும் தராசு முள் ஆடுவதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த வருஷம் அவர்கள் மாதிரிகளைப் புதுப்பித்தால் அது காணாமலே போகலாம், அல்லது இத்தாலி என்று மாறி வரலாம்.

கணக்காகவே பார்ப்போம். 1540ல் நிஜமாகவே ஒரு போர்ச்சுக்கீசியர் உங்கள் முன்னோராக இருந்தார் என்று வையுங்கள். அன்றிலிருந்து இன்றுவரை ஏறக்குறைய 18 தலைமுறை. ஒவ்வொரு தலைமுறையிலும் முன்னோர் இரட்டிப்பார்கள், 18வது படியில் 2,62,144 இடங்கள். அதில் அவருக்கு ஓர் இடம். டி.என்.ஏ. அத்தனை பேருக்கும் சமமாகப் பங்கு வைத்து வருவதில்லை, துண்டு துண்டாக வருகிறது. பத்துத் தலைமுறைக்கு முந்திய முன்னோரில் ஏறத்தாழ பாதிப் பேரிடமிருந்து ஒரு துண்டுகூட நம்மிடம் வந்து சேர்வதில்லை. ஆகவே அந்த ஒற்றை ஆளை இந்தப் பரிசோதனை காட்டினால்தான் ஆச்சரியம். அவர் இருந்திருந்தாலும் 1 சதவீதம் அவருடையது ஆகாது, அது வராமல் போயிருந்தாலும் அவர் இல்லை என்று ஆகாது.

அப்புறம், அந்த 2,62,144 பேரும் தனித்தனி ஆட்கள் இல்லை. அந்தக் காலத்தில் இந்தக் கரையில் அவ்வளவு சனம் ஏது? மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டிக்கொண்டே வந்த ஊரில் ஒரே பூட்டன் பத்து வழியில் முன்னோர் ஆகிறார். நீர்கொழும்புச் சொந்தக்காரர்களின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது.

கம்பெனி 'மூன்றாம் படிச் சொந்தம்' என்று போடும்போது, பகிர்ந்துகொண்ட டி.என்.ஏ.வின் மொத்த நீளத்தைச் சென்டிமார்கன் என்ற அளவில் கூட்டிச் சொல்கிறது. நெருங்கிய சொந்தத்துக்குள் திருமணம் செய்யாத சமூகங்களுக்கு அந்தக் கணக்குப் பொருந்தும். நமக்கு அது ஊதிப் பெருத்துக் காட்டும். மகளிடம் சொல்லி, ஒவ்வொருவருக்கும் எதிரே இருக்கும் மிக நீளமான துண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மொத்தம் 70 வந்து, அத்தனையும் ஏழும் எட்டுமாகச் சிதறிக் கிடந்தால், பல வழியில் வந்த பழைய உறவு. அதைப் பிடித்துக்கொண்டு போனால் எந்தத் தாத்தாவிடமும் போய்ச் சேர மாட்டீர்கள். ஒரே துண்டு 40 இருந்தால் அந்த ஆளுக்குக் கடிதம் போடலாம், கொள்ளுத்தாத்தா மட்டத்தில் ஆள் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது.

எதிர்க்கரைச் சொந்தம் என்பதே ஆச்சரியமான செய்தியும் இல்லை. மீன், முத்து, சங்கு, கருவாடு என்று இரண்டு கரைக்கும் தோணி போய் வந்த காலம் நெடியது. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் குடியேறிய பரதவர்களை இலங்கைக் குடிமதிப்பு 2001லிருந்து தனிப் பிரிவாகவே எண்ணுகிறது. அதேசமயம், இலங்கையில் உள்ள சிங்களப் பெர்னாண்டோக்களில் பலருக்கு உங்களோடு பெயர் மட்டுமே பொதுவாக இருக்கும். போர்ச்சுக்கீசியர் அங்கேயும் இதே பெயர்களைத்தான் கொடுத்தார்கள். துண்டு நீளம் பார்க்காமல் யாரையும் 'மச்சான்' என்று கூப்பிட்டுவிடாதீர்கள்.

பணம் செலவழித்தே தீருவேன் என்றால், மகள் செய்த சோதனையை விட உங்கள் கேள்விக்குப் பொருந்துவது ஒய் குரோமோசோம் சோதனை. அதற்கு எச்சில் கொடுக்க வேண்டியவர் நீங்கள் அல்லது உங்கள் தம்பி. ஒய் அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். குடும்பப் பெயரும் அதே தடத்தில்தான் போகிறது. போர்ச்சுக்கல் ஆண்களில் பாதிக்கு மேல் ஆர்1பி என்ற வகை, நம் பக்கம் அது அரிது. அது வந்தால் தாத்தா பேச்சுக்கு ஓர் அடிப்படை இருக்கிறது என்று நானே ஒப்புக்கொள்வேன். எச், எல் என்று வந்தால் அப்பன் வழி இந்த மண்ணின் வழிதான். ஆர்1ஏ அல்லது ஜே2 வந்தால் அவசரப்பட வேண்டாம், இரண்டும் இந்தியாவிலேயே பரவிக் கிடப்பவை, உட்பிரிவு வரை போனால்தான் ஏதாவது சொல்ல முடியும். இதுவும் தாத்தாவின் தாத்தாவின் தாத்தா என்ற ஒற்றைக் கயிறுதான். ஆச்சிமார் வழியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. கம்பெனியின் விதிகளையும் ஒருமுறை படியுங்கள். அமெரிக்காவில் இந்தத் தொழிலின் பெரிய கம்பெனி ஒன்று 2025 மார்ச்சில் திவால் மனுப் போட்டபோது, கோடிக்கும் மேற்பட்டவர்களின் தகவல் யார் கைக்குப் போகும் என்ற கவலை வந்தது.

இணையத்தில் 'உலகில் இந்தப் பெயர் எத்தனை பேருக்கு' என்று எண் போடும் தளங்களை நம்பி உட்காராதீர்கள். நம் வாக்காளர் பட்டியலில் இருப்பது அவரவர் பெயரும், தந்தை அல்லது கணவர் பெயரும். எது குடும்பப் பெயர் என்று எந்திரத்துக்குத் தெரியாது. குடிமதிப்பிலும் அப்படி ஒரு கணக்கு வெளியிடுவதில்லை.

என் கருத்தில் உங்கள் காசும் காலமும் போக வேண்டிய இடம் உங்கள் பங்குக் கோவில். ஞானஸ்நானப் பதிவேட்டைவிடக் கல்யாணப் பதிவேட்டை முதலில் கேளுங்கள். மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்து நடந்த கல்யாணத்தில் மாப்பிள்ளை, பெண், இருவரின் அப்பன்மார் பெயர், ஊர், சாட்சி எல்லாம் ஒரே வரியில் இருக்கும். சொந்தத்துக்குள் கட்டியிருந்தால் கோவிலில் விலக்கு வாங்க வேண்டும். எந்தப் படிச் சொந்தத்துக்கு விலக்கு என்ற குறிப்பும் ஓரத்தில் இருக்கும். அந்த ஒரு குறிப்பை வைத்து இரண்டு தலைமுறை பின்னால் போய்விடலாம்.

நான் பார்த்த ஒரு பழைய பதிவேட்டில் அண்ணன் 'பர்னாந்து', தம்பி 'பெர்னாண்டஸ்', அக்காள் வெறும் 'பர்னா' என்று ஒரு புள்ளியோடு நின்றிருந்தாள். அப்பன் ஆத்தாள் ஒன்றே, எழுதிய சாமியார் வேறு வேறு. லத்தீனில் எழுதியவர் ஒரு மாதிரி, தமிழில் எழுதிய உபதேசியார், அதாவது சாமியாருக்கு உதவியாக இருப்பவர், காதில் விழுந்த மாதிரி. ஆகையால் எழுத்தை நம்பாமல் அப்பன், ஆத்தாள், ஞானத்தகப்பன் மூன்று பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

ஊர் நெல்லை மாவட்டம் என்றாலும் மறைமாவட்டம் தூத்துக்குடி. அது உருவானது 1923ல்தான், அதற்கு முன் திருச்சியோடு இருந்தது. பங்கில் கரையான் அரித்துப் போயிருந்தால் தூத்துக்குடி ஆயர் இல்லத்தில் நகல் உண்டா என்று கேளுங்கள். சேசு சபையாரின் பழைய தாள்கள் கொடைக்கானல் செண்பகனூரில் இருக்கின்றன. முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. பங்குக் கோவிலுக்குச் செவ்வாய்க்கிழமையில் மட்டும் போகாதீர்கள். அந்தோணியார் கோவில் கூட்டத்தில் சாமியாரைப் பிடிக்கவே முடியாது.